இரண்டாவது கம்பி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது எமிலியானா சிஸ்டர், எண்பத்தைந்தாம் வருஷம், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, கான்வென்ட் பாட்டு ரூமில், ஆர்மோனியத்தின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. "பிரகாசி, உனக்கு நல்ல காது. கம்பி ஒரு நூல் இறங்கினாலும் கண்டுபிடிச்சிருவ. ஆண்டவர் குடுத்தது, பத்திரமா வச்சுக்க." பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். கல்யாணப் பட்டுச்சேலையைப் பெட்டிக்கடியில் வைக்கிற மாதிரி, உடுத்தாமல், யாருக்கும் காட்டாமல், முப்பது வருஷம். அந்தக் காதை வைத்துக்கொண்டு இன்றைக்கு மூன்றே முக்கால் மணிக்கு நான் என்ன செய்தேன் என்று நீங்கள் பார்த்தீர்கள் மாதாவே. இல்லை, பார்த்திருக்க மாட்டீர்கள், நாளைக்குக் குருத்து ஞாயிறு, போன வாரமே எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணி போட்டு மூடியாயிற்று, தலையிலிருந்து பாதம் வரைக்கும் நீங்களும் துணிக்குள் இருக்கிறீர்கள். பார்க்கவில்லையென்றால் நானே சொல்லிவிடுகிறேன். கோவிலில் யாரும் இல்லை. பாட்டுக்காரர்கள் உட்காரும் பக்கத்தில் தெல்மாவின் கிட்டார் அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அவள் அப்போதுதான் ஆறு கம்பியையும் சரிபண்ணி வைத்துவிட்டு, பாட்டுத்தாளை ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள், வாசலில் என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாள். நான் செருப்பைக் கழற்றினேன், தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டேன், நேராக அந்த நாற்காலிக்குப் போனேன், இரண்டாவது கம்பியின் திருகைப் பிடித்து ஒரு நூல் இறக்கினேன். ஒரே ஒரு நூல். விரலில் தீர்த்தத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. அப்புறம் வந்து உங்கள் காலடியில், பாவசங்கீர்த்தன வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது இந்தப் பாவம் என்னிடம் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒழுங்குபண்ணி வைத்திருந்தேன்: ஜெபத்தில் பராக்கு, மகளிடம் போனில் கோபம், ஒரு பொய். இப்போது நாலாவதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு மற்ற மூன்றையும் பெஞ்சிலிருந்து தள்ளுகிறது. சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற தொட்டியிலிருந்து ஒரு ஆள் எழுந்து போனால் நாங்கள் எல்லோரும் ஒரு ஆள் இடம் சறுக்கி உட்கார வேண்டும். நான் சறுக்கவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களை எல்லாம் நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல என்று முன்னால் விடுகிறேன். "நல்ல மனசுக்கா உங்களுக்கு, மார்க்கெட்ட அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்" என்றாள் மீன்வாடையோடு வந்த ஒருத்தி. நல்ல மனசு. அந்தக் கம்பி ஒலிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் தாயி உன்னை முன்னால் விட்டேன். ஒலித்த பிறகு சாமியாரிடம் போய்ச் சொல்லலாம் என்று. பாவம் முழுசாக ஆகட்டும் என்று. ஏன் ஒரு நூல், ஏன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடவில்லை என்று கேளுங்கள். முழுசாக இறக்கினால் கம்பி கழன்றுபோயிற்று என்பார்கள், சிரிப்பார்கள், மாட்டுவார்கள். ஒரு நூல் இறக்கினால் கம்பியைச் சொல்ல மாட்டார்கள், வாசிக்கிறவளைச் சொல்வார்கள். வயசாயிற்று, கை தளர்ந்துவிட்டது என்பார்கள். இவ்வளவையும் அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் இருந்த பத்தடியில் யோசித்திருக்கிறேன். ஜெபமாலையில் ஒரு பத்து மணி முழுசாகப் பராக்கில்லாமல் சொல்ல முடியாத புத்தி, இதற்கு மட்டும் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது. அந்தப் பொய்யும் இதே ஜாதிதான். மியூசிக் கடையில் கம்பி கேட்டேன். "யாருக்குக்கா, பையனுக்கா?" ஆமா, பையனுக்கு. பையன் மஸ்கட்டில் இருக்கிறான், வருகிற ஆவணியில் அவனுக்கு இருபத்தெட்டு முடிகிறது. காலேஜில் சேர்ந்ததும் கிட்டார் வேண்டும் என்று நின்றான், ஒரு மாசம் அடித்தான், பரணில் போட்டான். ஈரோட்டிலிருந்து என் வீட்டுக்காரர் ரிட்டயராகித் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தபோது, சாமான் ஏற்றுகிற ஆட்கள் இதைக் குப்பையா அக்கா என்றார்கள். என் வாய் பதில் சொல்வதற்கு முன்னால் என் கை போய் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கம்பிதான் மிச்சம் இருந்தது. பிடித்த உடனே இடதுகை விரல்கள் தாமாகப் போய் ஒரு பிடிக்கு மடங்கின, முப்பது வருஷமாக மாவாட்டி, துணி பிழிந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தலைவாரிய விரல்கள். பின்ரூமில் நான் அதைத் தட்டிப் பார்த்த சத்தம் கேட்டு அவர் "ஏம்மா, பூனை எதுவும் உள்ள வந்திருச்சா?" என்றார். சூசை நல்ல மனுஷர். ஒருநாளும் வாசிக்காதே என்று அவர் சொன்னதில்லை. வாசிக்கிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை. வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் அழுதாவது இருக்கலாம்.

விரல்நுனி வெந்தது. ஒரு வாரத்தில் கொப்புளம், அதன்மேல் புளி கரைக்கும்போது உயிர் போகும், அதுவே எனக்கு ஒரு சந்தோஷம். தவசுகாலத்துக்கு இதுதான் என் ஒறுத்தல் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டேன், பொய், அது ஒறுத்தல் இல்லை, நான் தெல்மாவை நினைத்துக்கொண்டுதான் அழுத்தினேன். கான்வென்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிட்டார். அவள் ஒரு பாட்டு, நான் ஒரு பாட்டு. எஃப் என்று ஒரு பிடி உண்டு, ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும், நீள விரல்காரி நான், எனக்கு வரவில்லை, சுண்டைக்காய் மாதிரிக் கை தெல்மாவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு என் மனசில் விழுந்தது இந்த எரிச்சல். ஆனால் கம்பி இறங்கினால் அவள் என்னிடம்தான் வருவாள். "ஏட்டி, இதக் கொஞ்சம் சரிபண்ணிக் குடு" என்று மடியில் போட்டுவிட்டு முறுக்குத் தின்னப் போய்விடுவாள். சரிபண்ணுகிறவள் நான், வாசிக்கிறவள் அவள். எனக்குக் கல்யாணம் ஆகி ஈரோடு போனேன், கிட்டார் கான்வென்டுக்காரர்களுடையது, அங்கேயே இருந்தது. அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று, புருஷன் கப்பல்காரர், அவளுக்கென்று ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தார், ஊரில் இருக்கிற நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டிக்குப் பின்னால் கோவிலுக்கு நடந்து வருவார் என்று அம்மா எனக்குக் கடிதம் எழுதினாள். அந்தக் கடிதத்தில் தம்பிக்கு வேலை கிடைத்தது, மாடு கன்று போட்டது எல்லாம் இருந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது கிட்டாரைத் தோளில் மாட்டிய அந்த மனுஷர்தான். சூசைக்குக் காலை டிபனை எடுத்து வைக்கும்போதெல்லாம் அவர் தோளைப் பார்த்திருக்கிறேன். நல்ல அகலமான தோள்.

திரும்பி வந்து முதல் பூசை முடிந்த அன்றே கட்டிப் பிடித்தாள். "ஏட்டி பிரகாசி! கிட்டாரத் தொடுதியா, இல்ல தோசக்கல்லோட சரியா?" கோவில் முற்றமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவாள், அவளுக்கு எப்போதும் ஊர் பார்க்க வேண்டும். தொடுதேன் என்றேன். "அப்போ வந்துரு. எனக்கு ஒரு ஆள் வேணும்." ஆள் வேணுமாம். வீட்டுவேலைக்குச் சொல்கிற மாதிரி. ஆறு வாரம் பின்ரூமில் உட்கார்ந்தேன். கம்பியைச் சரிபண்ண அவள் கிட்டாரின் தலையில் ஒரு கிளிப்பை மாட்டுவாள், பச்சை விளக்கு எரிந்தால் சரி. சிஸ்டரிடம் படித்தவளுக்கு விளக்கு எதற்கு? நான் கண்ணை மூடி, ஆர்மோனியத்தின் முதல் கட்டையை மனசுக்குள் அழுத்தினேன், அந்த ஸ்வரம் அப்படியே இருந்தது, தூசிகூட இல்லை, அதோடு சேர்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு இதே இடத்துக்கு வந்தேன். ரெனிட்டா என்று ஒரு பெண், காலேஜில் பாடம் எடுக்கிறாள், கீபோர்டு அவள்தான்; அவள் தொட்டாள், நானும் தொட்டேன், தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டு ஆட்டின மாதிரி இருந்தது. பாடுகிற பிள்ளைகள் தாளால் வாயை மூடிக்கொண்டார்கள். ரெனிட்டா மெதுவாகக் கிட்டே வந்து, "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க, உங்க கிட்டார் முழுசா அரைக்கட்டை கீழ இருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, சிஸ்டரின் ஆர்மோனியமே அரைக்கட்டை இறங்கின ஆர்மோனியம். எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கிட்டாரும் பாட்டும் அதோடுதான் சேரும், கோவிலே அரைக்கட்டை கீழே நின்று பல வருஷம் ஆண்டவரைப் புகழ்ந்திருக்கிறது, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் நல்ல காது. பத்திரமாக வைத்திருந்த காது. ஆனால் அது பெரிதில்லை மாதாவே, பிள்ளைகள் சிரித்ததுகூடப் பெரிதில்லை. தெல்மா சிரிக்கவில்லை. அந்த நாராசத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, கண்ணெல்லாம் சந்தோஷமாக, "நல்லாருக்குட்டி, வாசி வாசி" என்றாள். அந்த 'நல்லாருக்கு' இருக்கிறதே. இரண்டு வாரம் நான் தூங்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அது என் பக்கத்தில் நின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிச்சைக்காரிக்குப் போடுகிற மாதிரிப் போட்டாள். போன புதன்கிழமை பஜாரில் வெங்காயக் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், தெல்மா, தெல்மா என்று மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. கடைக்காரன்கூட என்னைப் பார்த்தான். சரி, பெரிய மனுஷி. வாசிக்கும்போது பாருங்கள், கன்னத்தைக் கொண்டுபோய்க் கிட்டாரின் தோளில் ஒட்டிக்கொள்வாள், கண்ணை மூடிக்கொள்வாள், பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி. யாருக்காக இந்த வேஷம் என்று எனக்கு எரியும். நாங்கள் படித்த காலத்தில் நிமிர்ந்து உட்காராவிட்டால் சிஸ்டர் ஸ்கேலால் முதுகில் தட்டுவார்கள்.

பாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம். பெஞ்சில் எனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர், மீன்காரம்மா உள்ளே இருக்கிறாள், அவளுக்கு நிறைய இருக்கும்போல. தெல்மா கிட்டாரை எடுக்கிறாள். கிளிப்பை மாட்டிப் பார்ப்பாளோ? மாட்டவில்லை, கொஞ்சம் முன்னால்தானே சரிபண்ணினாள், அது அவள் கைப்பையில் கிடக்கிறது. குடையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். நாளைக்குப் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடப்போகிறவள் பிளெஸ்ஸி, பதினேழு வயசு, முதல்தடவை, தவசுகாலம் பூராவும் இதைத்தான் பாடிக்கொண்டு திரிகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். வாசிக்கிறாள். அதோ. இரண்டாவது கம்பி. என் கணக்குத் தப்பவில்லை, பல்லில் மணல் கடிபட்ட மாதிரி ஒவ்வொரு பிடியிலும் வருகிறது. ரெனிட்டாவின் தோள் குறுகுகிறது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். எனக்குத் தித்தித்தது மாதாவே, ஒளிக்க மாட்டேன், நாக்கில் வைத்த மாதிரி ஒரு தித்திப்பு. இப்போது நிறுத்துவாள், வெட்கப்படுவாள், முகம் சிவந்து, என்னாச்சு இதுக்கு என்பாள். நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை ஒட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்கிற முகத்தோடு வாசிக்கிறாள். முதல் அடி, இரண்டாம் அடி. பிளெஸ்ஸியின் குரல் கீபோர்டோடு போவதா கிட்டாரோடு போவதா என்று தடுமாறுகிறது. "ஆன்ட்டி" என்கிறாள் ரெனிட்டா பின்னாலிருந்து. "ஆன்ட்டி, ஒருவேள கிட்டாரு..." தெல்மா திரும்பவில்லை. "தெல்மா ஆன்ட்டி." திரும்பவில்லை. ரெனிட்டா எழுந்து முன்னால் வந்து நிற்கவும்தான் கண்ணைத் திறக்கிறாள். "ஏன் நிறுத்திட்ட? வாசி." ரெனிட்டா என்ன சொல்வாள், வயசில் மூத்தவளிடம், ஒண்ணுமில்ல ஆன்ட்டி என்று போய் உட்கார்ந்துகொள்கிறாள். தெல்மா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்க்கிறாள். ஏதோ சரியில்லை என்று முகங்களில் படிக்கிறாள். எங்கே என்று தெரியாமல் தேடுகிறாள், கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர்கள் மாதிரி. அப்புறம், "ஏட்டி பிளெஸ்ஸி, நீதான் இறங்குத. என்னட்டி இது, நாளைக்கு ஊரே நிக்கும்!" "நான் சரியாத்தான் ஆன்ட்டி பாடுதேன்." "என்னது?" "சரியாத்தான்..." "வாய்க்குள்ள பேசாத!" கன்னத்தை இன்னும் அழுத்தி மரத்தில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டுகிறாள், புருவத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இரண்டாவது கம்பியையும் தட்டினாள். தாண்டிப் போய்விட்டாள்.

அது வேஷமில்லை. காதுக்கு எட்டாமல், கன்னத்து எலும்பால் மரத்தைக் கேட்கிறாள். வெங்காயக் கடையில் அவளுக்கு நான் கூப்பிட்டது போய்ச் சேரவில்லை. அன்றைக்கு என் கிட்டார் அரைக்கட்டை கீழே கிடந்ததும் போய்ச் சேரவில்லை, அவள் என் கையைத்தான் பார்த்தாள், விரல்கள் ஞாபகமாகப் பிடிகளுக்குப் போவதைப் பார்த்து, நல்லாருக்கு என்றாள், நிஜமாகவே சொன்னாள். பச்சை விளக்கு. கத்திப் பேசுகிற பேச்சு. எனக்கு ஒரு ஆள் வேணும். எத்தனை நாளாக, எத்தனை வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாமல்... இதெல்லாம் புரிந்தபோது எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று சாமியாரிடம் சொல்லலாம், உங்களிடம் சொல்ல முடியாது. முதலில் வந்தது இரக்கம் இல்லை. அப்படியானால் அந்த நாற்காலி என்றுதான் முதலில் வந்தது. இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், அப்புறம் அந்த நாற்காலி எனக்கு என்று. அவ்வளவு வேகமாக வந்தது. நான் அதைப் பார்த்தேன், எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கரப்பான் ஓடுகிற மாதிரி ஓடிற்று, என்னுடைய வீட்டில், முப்பது வருஷமாக நான் கூட்டிப் பெருக்குகிற வீட்டில். அவளுக்கு வயசாயிற்று என்று ஊர் சொல்ல வேண்டும் என்று ஒரு நூல் இறக்கினேன். ஊர் அவளைச் சொல்லவில்லை, அவள் பிளெஸ்ஸியைச் சொல்கிறாள். இதோ கேளுங்கள்: "சரி, நீ நாளைக்குப் பாட வேண்டாம். ரெனிட்டா, நீயே பாடிரு." பிளெஸ்ஸி தாளை மடிக்கிறாள். நாலாக, எட்டாக, இன்னும் மடிக்க இடமில்லாமல் மடிக்கிறாள். அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சுகிறாள். என் மகள் இப்படித்தான் செய்வாள்.

மீன்காரம்மா போய்விட்டாள். முன்னாலிருந்த இரண்டு பேரும் எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. தொட்டியின் பக்கம் முட்டுப்பலகை காலியாக இருக்கிறது, சாமியார் ஒருமுறை இருமுகிறார், இன்னும் யாராவது உண்டா என்கிற இருமல். போய் முட்டுப்போட்டு, பொறாமைப்பட்டேன் சாமி, ஒரு தடவை, என்று சொன்னால் தீர்ந்தது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். அவர் காதுக்கு மெதுவாகச் சொன்னால் போதும், அதற்குத்தானே அந்தச் சல்லடைப் பலகை. தெல்மாவிடம் மெதுவாகச் சொல்ல முடியாதே. கம்பியை நான்தான் இறக்கினேன் என்று காதோடு சொன்னால் என்னது என்பாள். மறுபடி சொன்னால் வாய்க்குள்ள பேசாத என்பாள். சத்தமாகத்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கேட்க, ரெனிட்டா கேட்க, பிளெஸ்ஸி கேட்க, இந்தத் தொட்டிக்குள் இருக்கிற சாமியாரும் கேட்க. நாளைக்குக் குருத்தோலை பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க நடக்கும்போது அந்தா போறா, அவதான் என்பார்கள். அவள் காதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது அவள் சொல்ல வேண்டியது. கம்பியை மட்டும் சொல்வேன். சொல்லிவிட்டு அதை என் மடியில் வாங்கிச் சரிபண்ணிக் கொடுப்பேன், ரெனிட்டாவின் கீபோர்டோடு சேர்த்து, மனசுக்குள் இருக்கிற அந்தப் பழைய கட்டையோடு இல்லை. அவள் வாசிக்கட்டும். எனக்கு இப்போதும் எரியத்தான் செய்கிறது மாதாவே, அந்தச் சுண்டைக்காய்க் கை எஃப் பிடிக்கும்போது எரியத்தான் செய்யும், அது இன்றைக்கே போய்விடும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சாமியார் மறுபடியும் இருமுகிறார், எழுந்து போய்விடுவாரோ என்னவோ. எனக்குப் பின்னால் வரிசையில் யாருமில்லை, எல்லாரையும் நானேதான் முன்னால் அனுப்பிவிட்டேன், சொல்லிவிட்டுப் போக ஒரு ஆள் இல்லை. குடையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, பாட்டுக்காரர்கள் பக்கமாகத் திரும்பி எழுந்திருக்கிறேன். துணிக்குள்ளிருந்தாலும் பரவாயில்லை, இந்தா வந்துருதேன், என் இடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்கம்மா.